முற்றத்தின் விலை

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், கல்லூரி விடுமுறையில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் எங்கள் தங்கை வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். மாப்பிள்ளைக்கு டெக்சஸுக்கு வேலை மாற்றம் வந்திருந்தது. பதினான்கு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விற்கும் ஏற்பாடுகளில் இருவரும் மூழ்கியிருந்த நேரம் அது.

வீடு தெற்குப் பார்த்தது. பின்புறம் முழுவதும் ஓக் மரங்களின் நிழல். வெயில் விழுவது முன்புறத்தில் மட்டுமே. ஆகவே தங்கை தன் காய்கறிப் பாத்திகளை முன்முற்றத்திலேயே போட்டிருந்தாள். மார்ச்சில் சன்னலோரம் நாற்று விட்டு, மே நடுவில் உறைபனி அச்சம் நீங்கிய பின் நட்ட கத்தரியும் வெண்டையும். கழிகளில் ஏறத் தொடங்கியிருந்த அவரை. குளிர்காலம் முழுவதும் கூடத்தில் வைத்துக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டி. வாசல் நிலையில் ஒரு மாவிலைத் தோரணம். பிளாஸ்டிக் தோரணந்தான், மாவிலைக்கு அங்கே எங்கே போவது? படியில் வெள்ளைச் சாயத்தால் வரைந்த சிறு கோலம்.

ஒருநாள் காலை வீட்டு விற்பனை ஏஜெண்ட் வந்தார். நடுவயதுப் பெண்மணி, மரியாதை தெரிந்தவர். வந்தவர் உடனே வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் வீட்டைப் பார்த்தபடி நின்றார். அதன் பிறகே உள்ளே வந்து, காப்பி குடித்து, ஒரு பட்டியல் எழுதித் தந்தார். கதவுக்குப் புது வண்ணம். தபால் பெட்டி மாற்ற வேண்டும். மரங்களைச் சுற்றிப் புதிய மரச்சீவல் பரப்ப வேண்டும். வாசலின் இரு பக்கமும் பூத்தொட்டி. காய்கறிப் பாத்திகளை எடுத்துவிட்டுப் பாய்போல் சுருட்டி விற்கும் புல்லை விரித்துவிட வேண்டும். தோரணம், கோலம், வாசலில் கிடக்கும் செருப்புகள் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். வாங்க வருபவர் காரிலிருந்து இறங்கும் முன்பே பாதி முடிவு எடுத்துவிடுகிறார் என்பது அவர் சொன்ன காரணம்.

"இருக்கட்டும் அண்ணா, கத்தரிக்காயைக் கடையில வாங்கிக்கலாம்" என்றாள் தங்கை. நாங்கள் ஒன்றும் கேட்காதபோதே அவள் அப்படிச் சொன்னாள்.

ஏஜெண்ட் பயன்படுத்திய சொல் 'கர்ப் அப்பீல்'. கர்ப் என்பது தெருவையும் நடைபாதையையும் பிரிக்கும் கல்விளிம்பு. தமிழில் இதற்கு என்ன சொல்லலாம் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். வாசலழகு, முகப்புப் பொலிவு என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் எதுவும் பொருந்தவில்லை. நம்முடைய சொற்கள் அழகு எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. அந்தச் சொல்லோ, பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்று சொல்கிறது. அவன் தெருவோரத்தில் நிற்கிறான். இன்னும் உள்ளே வரவில்லை. வராமலே போய்விடவும் கூடும். அவனுக்காகவே அந்த முற்றம்.

சொந்த மண்ணின் ஒரு பகுதியை, தான் பயன்படுத்தாமல், வழிப்போக்கனின் கண்ணுக்கென்று ஒதுக்கி வைக்கும் இவ்வழக்கம் எப்படி வந்தது என்ற கேள்வி அன்று எழுந்தது. ஊர் திரும்பிய பிறகும் அது விடவில்லை. படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துச் சொல்ல முயல்கிறோம்.

*

முதலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டின் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். உழுது பயிரிடக்கூடிய நிலத்தைப் பயிரிடாமல் விட்டுவைக்க முடிந்தவர் எவரோ அவரே செல்வந்தர். புல்வெளி செல்வத்தின் அடையாளமானது இவ்வாறுதான். அதைக் குட்டையாக வைத்திருக்க ஆடுகள் வேண்டும். அல்லது அரிவாள் பிடிக்கும் ஆட்கள் வேண்டும்.

இத்தகைய தோட்டங்களை வடிவமைத்தவர்களுள் ஹம்ப்ரி ரெப்டன் (1752–1818) என்பவர் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவர். வணிகத்தில் தோற்று, முப்பத்தாறாம் வயதில் 1788இல் இத்தொழிலுக்கு வந்தவர். நன்றாக ஓவியம் வரைவார். நிலத்தைப் பார்வையிட்டு, தாம் பரிந்துரைக்கும் மாற்றங்களை விளக்கி, சிவப்புத் தோல் அட்டை கட்டிய ஒரு கையெழுத்து நூலாக உரிமையாளரிடம் தருவது அவர் வழக்கம். அந்நூல்களில் ஒரு தந்திரம் இருந்தது. இப்போதுள்ள தோற்றத்தைக் காட்டும் ஓவியத்தின் ஒரு பகுதி மடிப்பாக ஒட்டப்பட்டிருக்கும். மடிப்பைத் தூக்கினால் அடியில் மாற்றிய பின் வரப்போகும் தோற்றம் தெரியும். குட்டை இருந்த இடத்தில் ஏரி. சந்தைவழி இருந்த இடத்தில் மரக்கூட்டம். இன்றைய வீட்டு விற்பனை விளம்பரங்களில் 'முன்பு – பின்பு' என்று இரு படங்களை அடுத்தடுத்துப் போடுகிறார்களே, அதன் மூதாதை இந்த மடிப்பு.

1811இல் ஒரு வண்டி விபத்தில் ரெப்டனின் முதுகெலும்பு அடிபட்டது. அதன்பின் பெரும்பாலும் சக்கர நாற்காலி வாழ்க்கை. 1816இல் வெளிவந்த அவருடைய கடைசி நூலின் இறுதியில், எசெக்ஸ் பகுதியில் ஹேர் ஸ்ட்ரீட் என்னும் சிற்றூரில் இருந்த தம் சொந்தக் குடிலின் முன்முற்றத்தையே எடுத்துக்காட்டாகத் தந்தார். மடிப்பை மூடிப் பார்த்தால் வேலியை ஒட்டி ஊர்ப்பொது வெளி. வாத்துகள் மேய்கின்றன. எதிரே கசாப்புக் கடை; இறைச்சி தொங்குகிறது. வேலியின் மேல் சாய்ந்தபடி, உறுப்புக் குறைபட்ட இரவலர் ஒருவர் தொப்பியை ஏந்தி நிற்கிறார்.

மடிப்பைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்திருக்கிறது. பொதுவெளியின் ஒரு துண்டு முற்றமாகிவிட்டது. ரோசாக் கொடிகள் கசாப்புக் கடையை மறைக்கின்றன. இரவலரைக் காணோம்.

ரெப்டனைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் வண்டிகளும் மனிதர்களும் போய்வரும் காட்சியைத் தாம் விரும்புவதாகவே அவர் எழுதினார். நடக்கவியலாத மனிதர் சன்னல் வழியே நல்ல காட்சி ஒன்றை விரும்பினார், அவ்வளவே. ஆனால் அந்த மடிப்பு ஒரு கேள்வியை நம் கையில் தந்துவிட்டுப் போகிறது. ஒரு முற்றம் அழகுபடுத்தப்பட்டது என்றால், அங்கிருந்து அகற்றப்பட்டது எது? இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இக்கேள்வியை எழுப்பிப் பார்க்கலாம்.

*

அமெரிக்காவில் சாதாரண மக்களின் வீட்டுமுன் தொடக்கத்திலேயே புல்வெளி இருந்ததில்லை. வேலி போட்ட சிறு முற்றத்தில் மூலிகையும் காய்கறியும் பூவும் கலந்து வளர்ந்தன. கோழியும் பன்றியும் திரிந்தன. தென்மாநிலங்களில் வேறொரு வழக்கமும் இருந்தது. வீட்டின் முன் ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கி, வெறும் மண் தரையை விளக்குமாறு கொண்டு நாள்தோறும் பெருக்கி வைத்தனர். பாம்பும் பூச்சியும் தென்படும், தீ பரவாது, சமையலும் சலவையும் அங்கேயே நடக்கும். கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் இது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரவலாக நீடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வழக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். விடியலில் வாசல் பெருக்கிச் சாணம் தெளிக்கும் நம் பெண்களுக்கு இம்முற்றங்களின் இலக்கணத்தை விளக்க வேண்டியிருக்காது. பெருக்கப்பட்ட மண் என்பது வறுமையன்று, அது பராமரிப்பு.

இம்முற்றங்களின் மேல் புல் படர மூன்று காரணங்கள் கூடிவந்தன.

முதலாவது ஒரு பொறி. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர்போனது. நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரிழைகளைச் சீராக வெட்ட அங்கே சுழலும் கத்திகள் கொண்ட இயந்திரம் இருந்தது. துணியை வெட்டும் கத்தி புல்லையும் வெட்டுமே என்று எட்வின் பட்டிங் என்ற பொறியாளருக்குத் தோன்றியது. 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆடும் அரிவாளும் ஆட்களும் இல்லாதவனும் இனிப் புல்வெளி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நூல்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் 1841இல் வெளியிட்ட தோட்டக்கலை நூல், ஆங்கிலேயப் பிரபுக்களின் ரசனையை அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குக் கற்பித்தது. 1870இல் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர்ச் சிறுமனைகளை அழகுபடுத்துவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். முன்முற்றங்களுக்கிடையே வேலி கூடாது. என் முற்றத்தின் அழகை அயலான் பார்க்காதபடி மறைப்பது கிறித்தவப் பண்பாகாது என்பது அவர் கருத்து. பகிர்தல் என்ற அறநெறியிலிருந்தே இது தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பகிரப்பட்டது காட்சி மட்டும், கத்தரிக்காய் அன்று.

மூன்றாவது மனைத்திட்டங்கள். சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு என்னும் புறநகரை 1869இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் வடிவமைத்தனர். ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. ஒருவன் எப்படிப்பட்ட அசிங்கமான வீட்டையும் கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதை நம் கண்ணில் திணிக்க விடக்கூடாது என்ற பொருள்பட ஓம்ஸ்டெட் விளக்கம் தந்தார். உரிமை மனைக்காரனுக்கு, கண் தெருவுக்கு என்ற பாகப்பிரிவினை இங்கே எழுத்துவடிவம் பெற்றது.

மடிப்பைத் தூக்கிப் பார்த்தால், இம்முறை அகற்றப்பட்டவை வேலியும் கோழியும் காய்கறியும். வேலைகள் எல்லாம் வீட்டின் பின்புறம் போய்விட்டன. முன்புறத்தில் வேலை என்று ஒன்றே மிஞ்சியது: புல்லை வளர்ப்பதும் வளர்ந்ததை வெட்டுவதும்.

போர் வந்தால் மட்டும் இவ்விதி தளர்ந்தது. 1918இல் அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஆடுகளை மேயவிட்டார். அவற்றின் கம்பளி செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஏலம் போனது. இரண்டாம் உலகப் போரில் அரசே மக்களைக் காய்கறி பயிரிடத் தூண்டியது. 'வெற்றித் தோட்டங்கள்' எனப்பட்ட அவற்றின் எண்ணிக்கை 2 கோடியை எட்டியது என்பது கணிப்பு. முன்முற்றங்களில் தக்காளி காய்த்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை, அது தேசபக்தி. போர் முடிந்தது. தக்காளி மீண்டும் பின்புறம் போயிற்று.

*

அழகு விலையாக மாறியதற்கு இன்னொரு வரலாறு உண்டு. அது அவ்வளவு பசுமையானதன்று.

அமெரிக்க வீட்டு விற்பனைத் தரகர்களின் தேசிய அமைப்பு 1908இல் தோன்றியது. 1924இல் அது ஏற்ற ஒழுக்க விதிகளில் ஒன்று, ஓர் அக்கம்பக்கத்தின் சொத்து மதிப்பைக் கெடுக்கக்கூடிய இனத்தாரையோ தேசத்தாரையோ அங்கே குடியேற்ற எந்தத் தரகரும் கருவியாக இருக்கக்கூடாது என்றது. இது ஒழுக்க விதி என்ற பெயரில் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1934இல் வீட்டுக்கடன்களுக்குப் பிணை நிற்கும் கூட்டாட்சி நிறுவனம் ஒன்றை அரசு தொடங்கியது. எந்த வீட்டுக்குப் பிணை நிற்கலாம் என்று மதிப்பிடும் அலுவலர்களுக்கான கையேட்டில், மனைப்பத்திரத்திலேயே இனத்தடை எழுதப்பட்டிருப்பது நல்லது என்ற பரிந்துரை இடம்பெற்றது. வீட்டின் மதிப்பு சுவரிலும் கூரையிலும் மட்டும் இல்லை. பக்கத்து முற்றத்தில் நிற்பவர் யார் என்பதிலும் இருக்கிறது என்று அரசே எழுதி வைத்தது.

இதன் முழு வடிவம் லெவிட்டவுன். நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் 1947இல் லெவிட் குடும்பத்தார் கட்டத் தொடங்கினர். 1951க்குள் 17,447 வீடுகள். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு எளிய தவணையில் வீடு. தந்தை ஆபிரகாம் லெவிட்டுக்குத் தோட்டத்தில் தீராத ஈடுபாடு. ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை வாரம் ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டிவிட்டுக் கூலியை வசூலிக்கும். வேலி கூடாது. துணி உலர்த்துவதற்கும் கட்டுப்பாடு. அதே தாள்களில் இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதார் இவ்வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலையாட்களாக இருந்தாலன்றி. புல்லின் உயரமும் குடியிருப்பவரின் நிறமும் ஒரே வகையான தாளில், ஒரே வகையான மொழியில் விதிக்கப்பட்டன. லெவிட் குடும்பத்தார் யூதர்கள். தாமே பல இடங்களில் விலக்கப்பட்டவர்கள். அதுவும் அவர்கள் கையைத் தடுக்கவில்லை.

இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்சநீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. எழுத்து போனது, வழக்கம் நின்றது. பென்சில்வேனியாவில் 1952இல் தொடங்கிய இரண்டாவது லெவிட்டவுனில் ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு கறுப்பினக் குடும்பம்கூட இல்லை.

தங்கை வீட்டிலிருந்து அவ்வூர் காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஒரு ஞாயிறு மாலை மாப்பிள்ளை எங்களை அங்கே அழைத்துப் போனார். ஒவ்வொரு பகுதியிலும் தெருப்பெயர்கள் எல்லாம் அப்பகுதிப் பெயரின் முதலெழுத்திலேயே தொடங்குகின்றன. டாக்வுட் ஹாலோ என்ற பகுதியில் எல்லாம் 'டி'. மரங்கள் நன்கு வளர்ந்துவிட்டன. எவரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை.

1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற இணையர் மூன்று குழந்தைகளோடு அப்பகுதியில் ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தனர். முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கியதால் லெவிட் நிறுவனத்தால் தடுக்க முடியவில்லை. கணவர் போரில் பணியாற்றியவர். மனைவி ஆசிரியப் பயிற்சி பெற்றவர். செய்தி பரவியதும் மாலைதோறும் நூற்றுக்கணக்கானோர் அவ்வீட்டின் முன் கூடிக் கூச்சலிட்டனர். கல்லெறியில் முகப்பின் பெரிய கண்ணாடிச் சன்னல் உடைந்தது. காவலர் ஒருவர் கல்லடிபட்டு மயங்கி விழுந்தார். மாநிலக் காவல்துறை வர வேண்டியதாயிற்று. ஆதரவாக நின்ற அயல்வீட்டுச் சுவரில் கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் மூன்றெழுத்துகள் வரையப்பட்டன. அவ்வாண்டே எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்டது. பலர் சொன்ன காரணம் வெறுப்பன்று; வீட்டின் விலை இறங்கிவிடும் என்பதே.

மையர்ஸ் குடும்பம் பணிந்துவிடவில்லை. இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த தொல்லையைத் தாங்கி, நீதிமன்றத் தடையாணை வந்தபின், 1961 வரை அங்கேயே வாழ்ந்தது. ஆயினும் அந்தத் தெருவோரம் எங்களுக்கு மறக்கவில்லை. ஏஜெண்ட் அம்மையார் கைகட்டி நின்ற இடமும் ஒரு தெருவோரந்தான். அதே இடத்திலிருந்துதான் அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கல் எறிந்தார்கள். இருவரும் ஒருவரல்லர், அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால், இந்த முற்றத்தில் எது தென்பட்டால் விலை இறங்கும் என்ற கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றே.

வீட்டு விற்பனையில் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல் வந்தது. தரகர்களின் தேசிய அமைப்பு தன் பழைய நடத்தைக்காக 2020இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

*

இன்று விலையை அளக்கக் கணினியே வந்துவிட்டது. டென்வர் நகரத்து வீடுகளின் கூகுள் தெருப்படங்களைக் கணினியைக் கொண்டு தரம்பிரித்து, விற்பனை விலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் ஆய்விதழில் வெளிவந்தது. முகப்புத் தோற்றம் நன்றாக இருக்கும் வீடுகள் சராசரியாக 7 விழுக்காடு கூடுதல் விலைக்குப் போகின்றன என்றும், எதிர்வீட்டின் தோற்றமும் அதில் பங்கு வகிக்கிறது என்றும் அது கண்டது. ஆய்வாளர் மூவருள் ஒருவர் பெயர் ஸ்ரீராம் விழுப்புரம். நம்மூர்ப் பெயர் ஒன்று அங்கே நிற்பதைக் கண்டு சற்றே மகிழ்ந்தோம். ஏஜெண்ட் சொன்னது வெறும் நம்பிக்கையன்று என்பதும் தெரிந்தது. ஐந்து லட்சம் டாலர் வீட்டில் 7 விழுக்காடு என்றால் 35,000 டாலர். கத்தரிப் பாத்தி அவ்வளவு காய்க்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பின இணையரின் வீட்டை 2020இல் மதிப்பீட்டாளர் பார்த்துச் சொன்ன மதிப்பு 9,95,000 டாலர். அவர்களுக்கு ஐயம். குடும்பப் படங்களையும் ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களையும் எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவரைத் தம் குடும்பப் படங்களோடு உரிமையாளர் போல் இருக்கச் செய்து, சில வாரங்கள் கழித்து வேறொருவரை மதிப்பிட அழைத்தனர். வந்த மதிப்பு 14,82,500 டாலர். செங்கல் ஒன்றுகூட மாறவில்லை. வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. ரெப்டனின் மடிப்பு இங்கே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அகற்றப்பட்டவர்கள் வீட்டுக்காரர்களே.

எதிர்த்திசையில் ஒரு சிறு வெற்றியும் உண்டு. ஃபுளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் என்ற ஊரில் ஹெர்மின் ரிக்கெட்ஸ், டாம் கரோல் இணையர் பதினேழு ஆண்டுகளாக முன்முற்றத்தில் காய்கறி பயிரிட்டு வந்தனர். பின்புறத்தில் போதிய வெயில் இல்லை என்பதே காரணம். 2013இல் ஊராட்சி, முன்முற்றத்தில் காய்கறி கூடாது என்று விதி செய்தது. நாளுக்கு 50 டாலர் அபராதம் என்ற மிரட்டலுக்கு அஞ்சிச் செடிகளைப் பிடுங்கினர், வழக்குத் தொடுத்தனர், தோற்றனர். ஆனால் 2019இல், எந்த ஊராட்சியும் இவ்வாறு தடைசெய்யக்கூடாது என்று மாநிலமே சட்டம் இயற்றியது. இருவரும் மீண்டும் நாற்று நட்டனர்.

சட்டம் தோட்டத்தைக் காக்கலாம். சந்தை அதை எவ்வாறு பார்க்கிறது என்பதில் சட்டத்துக்கு வேலையில்லை. தங்கையின் பாத்தியைப் பிடுங்கச் சொல்லி எந்த ஊராட்சியும் உத்தரவிடவில்லை. அவளே பிடுங்கினாள். நாங்களும் உதவினோம். இரண்டு கத்தரிச் செடிகளை வாளியில் மாற்றி அடுத்த வீட்டு மூதாட்டியிடம் கொடுத்தாள். படியில் இருந்த கோலம் சுலபத்தில் போகவில்லை. மாப்பிள்ளை கம்பித் தூரிகை கொண்டு நெடுநேரம் தேய்த்தார். ஜூலையில் வீடு விற்றது. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

*

இதுவரை படித்தவர்கள், நம் திண்ணையின் பெருமையைப் பாடி இக்கட்டுரை முடியும் என்று எதிர்பார்க்கலாம். வழிப்போக்கருக்கு நிழலும் இடமும் தந்த திண்ணை எங்கே, கண்ணுக்கு மட்டும் விருந்து வைக்கும் புல்வெளி எங்கே என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அத்திண்ணையில் எல்லாரும் அமர முடிந்ததா? அந்தத் தெருவிலேயே காலணியோடு நடக்க முடியாதவர்கள் இருந்தனர். தெருவுக்குள்ளேயே வரமுடியாதவர்களும் இருந்தனர். அமெரிக்கர்கள் பத்திரத்தில் எழுதினார்கள். நாம் எழுதவில்லை; எழுத வேண்டிய தேவையே நமக்கு இருக்கவில்லை.

எங்களுக்கோ பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தந்தையார் மறைந்த பின், 2011இல், கும்பகோணத்துக்கு அருகே இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றோம். அவ்வீட்டுத் திண்ணையின் கிழக்கு மூலையில், எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, மாலை வேளைகளில் பூக்கார அம்மாள் ஒருவர் அமர்ந்து பூக்கட்டி விற்பார். தந்தையார் அவரிடம் வாடகை கேட்டதில்லை. அவர் எங்கள் வீட்டுச் சாமிக்கு ஒரு முழம் தராமல் போனதுமில்லை. வீட்டுத் தரகர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகப்புக்குச் சுண்ணாம்பு அடிச்சிருங்க சார். வாங்குறவங்க வர்ற அன்னிக்கு அந்தம்மாவ வேற எங்கயாச்சும் உக்காரச் சொல்லுங்க. ஏதும் பாத்தியதை கீத்தியதை இருக்குமோன்னு சந்தேகப்படுவாங்க."

சுண்ணாம்பு அடித்தோம். அவரிடம் போய்ச் சொன்னதும் நாங்கள்தான். "அதுக்கென்ன தம்பி" என்று கூடையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தடிக்குப் போய்விட்டார். பூவில் தெளிக்கும் தண்ணீர்ச் செம்பு மட்டும் திண்ணையில் இருந்தது. அதையும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். விற்பனைக்காகப் படம் எடுத்தோம். கேட்ட விலை கிடைத்தது. வாங்கியவர் கார் நிறுத்துவதற்காகத் திண்ணையை இடித்துவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டோம். அவர் திண்ணை, அவர் உரிமை.

அந்தப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், செம்மண் பட்டை, சுத்தமான வெறும் திண்ணை. பார்ப்பதற்கு அழகாகவே இருக்கிறது. ரெப்டனைப் போல் ஒரு மடிப்பு வரைந்து அதன்மேல் ஒட்டி வைக்கும் கைத்திறன் எங்களுக்கு இல்லை. இருந்திருந்தால் கிழக்கு மூலையில் ஒரு கூடையையும் செம்பையும் அவரையும் வரைந்திருப்போம். அது இயலாததால் இங்கே எழுதி வைக்கிறோம்.